செய்தித் தலைப்புகளில் ரஷ்ய இலக்கணம்

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பூமியைச் சுற்றத் தொடங்கிய முதல் செயற்கைத் துணைக்கோள் 83.6 கிலோகிராம் நிறையுள்ள ஓர் உலோகக் கோளம். அதனுடன் ஒரு ரஷ்யச் சொல்லும் உலகைச் சுற்றி வந்தது. பல நாட்டுப் பத்திரிகைகளும் மொழிபெயர்க்காமலேயே அச்சிட்ட அச்சொல் ‘ஸ்பூத்னிக்’. அதனைப் பிரித்துப் பாருங்கள். ‘ஸ்’ என்றால் உடன். ‘பூத்’ என்றால் வழி. ‘நிக்’ என்பது ஆளைக் குறிக்கும் விகுதி. வழியில் உடன் வருபவர் என்பது பொருள். நம் மொழியில் ‘வழித்துணை’ என்று சொல்லிவிடலாம். நாம் அதற்குத் துணைக்கோள் என்று பெயரிட்டதிலும் அதே ‘துணை’ இருப்பதைக் கவனியுங்கள்.

ஒரு சொல்லைப் பிரித்ததிலேயே ஒரு முன்னொட்டும், ஒரு வேர்ச்சொல்லும், ஒரு விகுதியும் நமக்குக் கிடைத்துவிட்டன. நான்கைந்து சொற்கள் கொண்ட செய்தித் தலைப்பைப் பிரித்தால் இன்னும் எவ்வளவு கிடைக்கும்! செய்தித் தலைப்புகளைக் கொண்டே ரஷ்ய மொழியின் அடிப்படை இலக்கணத்தையும் சில நூறு சொற்களையும் கற்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ரஷ்ய மொழி நமக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். லாண்டாவ், லிஃப்ஷிட்ஸ் ஆகியோரின் கோட்பாட்டு இயற்பியல் வரிசையும், இரோடவின் கணக்கு நூலும் முதலில் எழுதப்பட்ட மொழி அது. மாஸ்கோவின் மிர் பதிப்பகத்து நூல்களை ஆங்கிலத்திலோ தமிழிலோ படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆனால் அம்மொழியைக் கற்கப் புகுந்தவர்களுள் பலர் ‘ஆறு வேற்றுமைகளாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈறாம்’ என்று மலைத்துப் பாதியிலேயே விட்டுவிடுகின்றனர். இந்த மலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக ரஷ்ய மொழியை அணுகுவதால் வருவது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே படித்துவிட்ட தமிழ் மாணவர் ஆறைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கீழே வரும் தலைப்புகள் உண்மையில் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு, ரஷ்யப் பத்திரிகைகளின் தலைப்பு நடையில், பாடத்திற்காக அமைக்கப்பட்டவை. உண்மையான அறிவிப்புகள் வருமிடத்தில் அவ்வாறே குறிப்பிட்டுள்ளேன்.

எழுத்தும் ஒலியும்

ரஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள் உள்ளன. இவற்றுள் பல கிரேக்க எழுத்துகளிலிருந்து வந்தவை. ஆகவே இயற்பியல் மாணவருக்குச் சில எழுத்துகள் முன்பே பழக்கமானவை. வட்டத்தின் பை, பாயத்தைக் குறிக்கும் ஃபை, காமாக் கதிரின் காமா, அடர்த்தியைக் குறிக்கும் ரோ ஆகியவை பெரிய எழுத்து வடிவில் ரஷ்ய மொழியில் அப்படியே வருகின்றன. டெல்டாவும் லாம்டாவும் சற்றே உருமாறி வருகின்றன. ஒரு வார முயற்சியில் மற்றவற்றையும் கற்றுவிடலாம்.

இக்கட்டுரையில் ரஷ்யச் சொற்களை ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்தாகத் தமிழில் தந்திருக்கிறேன். அழுத்தம் விழும் உயிரைப் பெரும்பாலும் நெடிலாக எழுதியுள்ளேன். பேச்சில் அழுத்தமில்லாத ஓகாரம் அகரம்போல் ஒலிப்பது முதலிய மாற்றங்கள் உண்டு. அவற்றைக் காதால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இல்லாத சொற்கள்

1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடங்களில் விண்வெளிப் பயணத்தை முடித்துத் திரும்பினார். அச்செய்திக்கு ஒரு தலைப்பு:

‘ககாரின் வ் கோஸ்மொஸெ.’

‘ககாரின் விண்வெளியில்’ என்பது பொருள். ‘கோஸ்மொஸ்’ என்றால் விண்வெளி. ‘வ்’ என்னும் முன்னிடைச்சொல்லும் இறுதியில் சேர்ந்த ‘எ’ என்னும் ஈறும் சேர்ந்து நம் ‘இல்’ உருபின் வேலையைச் செய்கின்றன. இதில் வினைச்சொல் இல்லை, தேவையுமில்லை. ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுத ‘இருக்கிறார்’ என்பதற்குரிய துணைவினை வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன் சில இடங்களில் சுட்டுச் சொல்லும் வேண்டும். ரஷ்ய மொழியில் இவ்விரண்டும் இல்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று இரண்டே சொற்களில் வாக்கியம் முடிக்கும் தமிழருக்கு இது புதுமையன்று.

வினை இல்லாமல் செய்தி சொல்ல இன்னொரு வழியும் உண்டு. 1930ஆம் ஆண்டு சர் சி. வி. ராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்ததை இப்படித் தலைப்பிடலாம்:

‘நோபெலெவ்ஸ்கயா ப்ரேமியா — ராமனு.’

‘நோபெல் பரிசு — ராமனுக்கு.’ கோட்டுக்குப் பின் நிற்பது பரிசைப் பெற்றவரின் பெயர். ‘ராமன்’ என்பதோடு ‘உ’ என்னும் ஈறு சேர்ந்ததும் அது நான்காம் வேற்றுமை ஆகிவிட்டது. ‘வழங்கப்பட்டது’ என்ற சொல் இல்லாமலே, கொடுத்தல் என்னும் பொருளை ஈறு தாங்கிக்கொள்கிறது. பலர் பெற்றால் ஈறு ‘அம்’ என மாறும். 1958இல் செரென்கோவ், ஃப்ராங்க், தாம் ஆகிய மூவரும் பரிசு பெற்றனர். அப்போது ‘— ஃபீஸிகம்’, அதாவது ‘இயற்பியலாளர்களுக்கு’ என்று எழுதலாம். நமது ‘களுக்கு’ அங்கே ‘அம்’.

இடையில் ஒரு செய்தி. ராமன் விளைவு என்று நாம் சொல்வதை ரஷ்ய நூல்களில் ‘ஒளியின் சேர்மானச் சிதறல்’ என்ற பொருள்படும் தொடரால் குறிப்பிடுவது வழக்கம். 1928இல் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் ஆகியோர் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டனர். ரஷ்ய நூலில் ராமன் பெயரைத் தேடிக் காணாமல் திகைக்கும் மாணவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நிலவு கொள்ளும் வடிவங்கள்

இப்போது வேற்றுமைக்கு வருவோம். ‘லுனா’ என்றால் நிலவு. சோவியத் நாடு நிலவுக்கு அனுப்பிய ஆய்வுக் கலங்களுக்கும் அதுவே பெயர். அக்கலங்களின் வரலாற்றை வரிசையாகச் சொன்னாலே இச்சொல்லின் வேற்றுமைகள் அனைத்தும் வந்துவிடுகின்றன.

1959 ஜனவரியில் லுனா-1 நிலவை நோக்கிச் சென்றது: ‘க் லுனே’. ‘நோக்கி’ என்னும் பொருளில் இது நான்காம் வேற்றுமை.

ஆனால் அது நிலவை அடையவில்லை. சுமார் 6,000 கிலோமீட்டர் தொலைவில் நிலவைக் கடந்து சென்றுவிட்டது: ‘மீமொ லுனீ’. ‘நிலவின் பக்கமாக’ என்பதில் உள்ள ‘இன்’ போன்றது இது, ஆறாம் வேற்றுமை.

அதே ஆண்டு செப்டம்பரில் லுனா-2 நிலவின்மேல் போய் மோதியது: ‘நா லுனூ’. இது இரண்டாம் வேற்றுமை.

அக்டோபரில் லுனா-3 நிலவின் மறுபக்கத்தைப் படம் எடுத்தது: ‘ஒப்ராத்னயா ஸ்தொரொனா லுனீ’, ‘நிலவின் மறுபக்கம்’. மீண்டும் ஆறாம் வேற்றுமை.

1966 பிப்ரவரி 3ஆம் நாள் லுனா-9 மெதுவாக இறங்கி, நிலவின்மேல் நிலையாக நின்றது: ‘நா லுனே’. நம் ஏழாம் வேற்றுமைக்கு ஒப்பானது இது.

அதே ஆண்டு ஏப்ரலில் லுனா-10 நிலவுக்கு மேலே சுற்றிவந்தது: ‘நாத் லுனோய்’. ஈறு மூன்றாம் வேற்றுமைக்குரியது.

1970 செப்டம்பரில் லுனா-16 நிலவிலிருந்து ஏறத்தாழ 101 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது: ‘ஸ் லுனீ’, ‘நிலவிலிருந்து’.

லுனா, லுனீ, லுனே, லுனூ, லுனோய் — ஐந்தே வடிவங்கள், ஆறு வேற்றுமைகள். நான்காம் வேற்றுமைக்கும் இடத்தைக் குறிக்கும் வேற்றுமைக்கும் இச்சொல்லில் ஒரே வடிவம். நமது ஐந்தாம் வேற்றுமைக்கு ரஷ்ய மொழியில் தனி ஈறு இல்லை. ‘ஸ்’ என்னும் முன்னிடைச்சொல்லோடு ஆறாம் வேற்றுமை ஈற்றைச் சேர்த்து அவ்வேலையை முடித்துக்கொள்கின்றனர்.

இங்கு இரண்டு இடங்களைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘நா லுனூ’ என்பதும் ‘நா லுனே’ என்பதும். முன்னிடைச்சொல் ஒன்றே, ஈறு மட்டும் வேறு. முன்னது போய்ச் சேர்தலைக் குறிக்கும். பின்னது இருத்தலைக் குறிக்கும். இயற்பியலில் இடப்பெயர்ச்சி வேறு, இடம் வேறு என்று நாம் பிரிப்பதைப் போல் ரஷ்ய மொழி ஓர் உயிரெழுத்தால் பிரித்துவிடுகிறது.

இரண்டாவது, ‘ஸ் லுனீ’ என்பதும் ‘ஸ் லுனோய்’ என்பதும். முன்னது ‘நிலவிலிருந்து’, பின்னது ‘நிலவோடு’. ‘ஸ்’ எதுவும் முடிவு செய்யவில்லை. ஈறுதான் முடிவு செய்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ என்ற கருவிப் பொருளும் ‘ஓடு’ என்ற உடனிகழ்ச்சிப் பொருளும் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரஷ்ய மொழியிலும் இவ்விரு பொருளுக்கும் ஈறு ஒன்றுதான். ‘ரகேதொய்’ என்றால் ராக்கெட்டால். ‘ஸ் ரகேதொய்’ என்றால் ராக்கெட்டோடு.

வேறுபாடுகளும் உண்டு. தமிழில் ஆண்பாற் பெயரானாலும் அஃறிணைப் பெயரானாலும் ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ மாறுவதில்லை. ரஷ்ய மொழியில் சொல்லின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். நிலவு பெண்பால், துணைக்கோள் ஆண்பால், ‘ஒத்க்ரீதியெ’ எனப்படும் கண்டுபிடிப்பு அலிப்பால். பெயரடையும் உடன் மாறும்: ‘நோவி ஸ்பூத்னிக்’ (புதிய துணைக்கோள்), ‘நோவயா ஸ்தான்ட்சியா’ (புதிய நிலையம்), ‘நோவொயெ ஒத்க்ரீதியெ’ (புதிய கண்டுபிடிப்பு). நமது ‘புதிய’ மூன்று இடத்திலும் அசையாமல் நிற்கிறது. இந்த ஒத்திசைவுக்குத்தான் கூடுதலாக உழைக்க வேண்டும்.

சொற்களின் வரிசை

‘ரகேதா வீவெலா ஸ்தான்ட்சியு’ — ராக்கெட் நிலையத்தைச் செலுத்தியது.

‘ஸ்தான்ட்சியு வீவெலா ரகேதா’ — நிலையத்தைச் செலுத்தியது ராக்கெட்.

இரண்டிலும் செலுத்தியது ராக்கெட்தான். ‘ஸ்தான்ட்சியா’ என்பது ‘ஸ்தான்ட்சியு’ என்றானதால் அது செயப்படுபொருள் என்பது தெளிவு. வரிசை மாறியதால் அழுத்தம் மட்டும் மாறுகிறது. ரஷ்ய மொழியில் தெரிந்த செய்தி முன்னும் புதிய செய்தி பின்னும் வருவது வழக்கம். தலைப்பின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அதில்தான் பெரும்பாலும் புதுச்செய்தி இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. உயிரற்ற ஆண்பாற் பெயர்களுக்கு முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். ‘ஸ்பூத்னிக் வீவெலா ரகேதா’ என்ற தலைப்பில் ‘ஸ்பூத்னிக்’ எழுவாயா, செயப்படுபொருளா? இங்கே வினை உதவிக்கு வருகிறது. ‘வீவெலா’ என்பதில் உள்ள ‘லா’ பெண்பால் ஈறு. பெண்பாற் பெயர் ‘ரகேதா’ மட்டுமே. ஆகவே அதுவே எழுவாய். வந்தான், வந்தாள், வந்தது என்று வினையைக் கொண்டே எழுவாயை அறியும் நமக்கு இது எளிது. ரஷ்ய மொழியில் இறந்தகால வினைக்கு மட்டும் இந்தப் பால் வேறுபாடு உண்டு. செய்தித் தலைப்புகளில் இறந்தகாலமே மிகுதியாக வருவதால் பயிற்சிக்குக் குறைவிருக்காது.

ஆறாம் வேற்றுமைத் தொடர்களை மட்டும் வலமிருந்து இடமாகப் பொருள் கொள்ளுங்கள். ‘ஸாபுஸ்க் ஸ்பூத்னிகா ஸெம்லீ’ என்றால் ‘ஏவல் — துணைக்கோளின் — பூமியின்’. திருப்பிப் படித்தால் ‘பூமியின் துணைக்கோளின் ஏவல்’ என நல்ல தமிழாகிவிடும்.

முயன்றார்களா, முடித்தார்களா?

‘உச்சோனியெ ரெஷாலி ஸதாச்சு.’

‘உச்சோனியெ ரெஷீலி ஸதாச்சு.’

‘உச்சோனியெ’ என்றால் அறிவியலறிஞர்கள். ‘ஸதாச்சு’ என்றால் கணக்கை. இரண்டும் இறந்தகாலம். ஆனால் ‘ரெஷாலி’ என்றால் கணக்கைத் தீர்க்க உழைத்துக்கொண்டிருந்தார்கள். விடை வந்ததா என்பது தெரியாது. ‘ரெஷீலி’ என்றால் தீர்த்துவிட்டார்கள். ரஷ்ய வினைச்சொற்கள் பெரும்பாலும் இவ்வாறு இரட்டையாக உள்ளன. ஒன்று செயலின் போக்கைச் சொல்லும். மற்றது செயலின் முடிவைச் சொல்லும். தமிழில் இதே வேலையை ‘கொண்டிரு’, ‘விடு’, ‘முடி’ என்னும் துணைவினைகள் செய்கின்றன. ‘ஸ்த்ரோயிலி’ என்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பொஸ்த்ரோயிலி’ என்றால் கட்டி முடித்தார்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு சான்று. 1969 ஜூலையில் அமெரிக்கர் இருவர் நிலவில் இருந்த அதே வேளையில் லுனா-15 கலமும் இறங்க முயன்றது. ஜூலை 21ஆம் நாள் மோதி அழிந்தது. ‘லுனா-9 ஸேலா நா லுனூ’ என்று எழுதலாம்; ‘இறங்கிவிட்டது’ என்பது பொருள். லுனா-15ஐப் பற்றி ‘ஸதீலஸ் நா லுனூ’ என்று மட்டுமே எழுத முடியும். ‘இறங்கிக்கொண்டிருந்தது’ என்பது பொருள். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருப்பது வினையின் ஒரு வடிவம். தலைப்பைப் பார்த்ததும் ‘முயன்றார்களா, முடித்தார்களா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேர் ஒன்று, கிளை பல

சொற்களைத் தனித்தனியே மனனம் செய்வதைவிட வேரோடு பிடிப்பது எளிது. ‘புஸ்க்’ என்பதற்கு ‘விடுதல்’ என்று பொருள். அதனுடன் முன்னொட்டுகள் சேர்ந்தால்:

ஸாபுஸ்க் — ஏவுதல்
ஸ்புஸ்க் — கீழே இறங்குதல்
வீபுஸ்க் — வெளியிடுதல்
ப்ரோபுஸ்க் — உள்ளே விடும் அனுமதிச் சீட்டு
ஓத்புஸ்க் — வேலையிலிருந்து விடுப்பு

நம் ‘விடு’ என்னும் வேரிலிருந்தும் விடுப்பு, விடுமுறை, வெளிவிடுதல் எல்லாம் வருவதை நினைத்துக்கொண்டால் இப்பட்டியல் மறக்காது.

‘ஹோத்’ என்றால் செல்கை. ‘வ்’ உள்ளே, ‘வீ’ வெளியே. ஆகவே ‘வ்ஹோத்’ நுழைவாயில். ‘வீஹொத்’ வெளியேறும் வழி. 1965 மார்ச் 18ஆம் நாள் அலெக்ஸெய் லியோனவ் கலத்தைவிட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்த முதல் மனிதரானார். அதற்குரிய ரஷ்யத் தொடர் ‘வீஹொத் வ் ஒத்க்ரீதி கோஸ்மொஸ்’, அதாவது ‘திறந்த விண்வெளிக்குள் வெளியேறுதல்’. 1970 நவம்பரில் நிலவில் ஓடிய எட்டுச் சக்கர வண்டி ‘லுனொஹோத்’, அதாவது நிலவில் செல்வது.

‘ப்ரி’ என்னும் முன்னொட்டு வந்து சேர்தலைக் குறிக்கும். ‘ஸெம்லா’ பூமி, ‘வொதா’ நீர். ஆகவே ‘ப்ரிஸெம்லேனியெ’ தரையிறக்கம், ‘ப்ரிவொத்னேனியெ’ நீரிறக்கம், ‘ப்ரிலுனேனியெ’ நிலவிறக்கம். இத்துடன் ஆதொம், ஒர்பீதா, ரெயாக்தொர், லாஸெர், எனேர்கியா, ரதியாட்சியா போன்ற பொதுச் சொற்களை விளக்காமலே நீங்கள் புரிந்துகொள்வீர்கள். அறிவியல் செய்திகளிலிருந்து தொடங்குவதன் இலாபம் இதுதான்.

செய்தவர் யார்?

1975 ஏப்ரல் 19ஆம் நாள் நம் நாட்டின் முதல் துணைக்கோளான ஆரியபட்டா சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது. தலைப்பு:

‘ஸாபுஷ்ச்சென் இந்தீய்ஸ்கி ஸ்பூத்னிக்.’

‘இந்தியத் துணைக்கோள் ஏவப்பட்டது.’ இது செயப்பாட்டு வினை. ஏவியது எது? தலைப்பு சொல்லவில்லை. ‘ஸொவேத்ஸ்கோய் ரகேதொய்’ என்று மூன்றாம் வேற்றுமையில் இரு சொற்கள் சேர்த்தால் ‘சோவியத் ராக்கெட்டால்’ என்பது தெரிந்துவிடும். அதாவது, செயப்பாட்டு வினையில் செய்தவருக்கு ஓர் இருக்கை எப்போதும் உண்டு. அதை நிரப்பலாம், காலியாகவும் விடலாம்.

காலியாக விடுவது எப்போதும் குற்றமன்று. ‘வெப்பநிலை அளக்கப்பட்டது’ என்று நாம் ஆய்வக ஏட்டில் எழுதும்போது அளந்தவர் யார் என்பது முக்கியமில்லை. ஆனால் அது முக்கியமாகும் வேளைகளும் உண்டு.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் அதிகாலையில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. 28ஆம் நாள் காலை ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் காற்றில் வந்த கதிரியக்கம் கண்டறியப்பட்டது. அன்று இரவுதான் சோவியத் தொலைக்காட்சிச் செய்தியில் மிகச் சுருக்கமான அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அதன் சாரம்: செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது, உலைகளுள் ஒன்று சேதமடைந்தது, விளைவுகளை அகற்ற நடவடிக்கைகள் எடுக்கப்படுகின்றன, பாதிக்கப்பட்டோருக்கு உதவி அளிக்கப்படுகிறது, அரசுக் குழு அமைக்கப்பட்டது.

இதன் வினைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘ப்ரொயிஸொஷ்லா’ — நேர்ந்தது. ‘பொவ்ரெஷ்த்யோன்’ — சேதமடைந்தது. ‘ப்ரினிமாயுத்ஸா’ — எடுக்கப்படுகின்றன. ‘ஒகாஸிவயெத்ஸா’ — அளிக்கப்படுகிறது. ‘ஸோஸ்தனா’ — அமைக்கப்பட்டது. முடிந்த செயலுக்கு ‘ஸோஸ்தனா’ போன்ற வடிவமும், நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ‘ஸா’ என்று முடியும் வடிவமும் ரஷ்யச் செயப்பாட்டு வினையின் இரு வகைகள். இரண்டையும் இந்தச் சில வரிகளிலேயே கற்றுவிடலாம். ஆனால் மூன்றாம் வேற்றுமையைத் தேடிப் பாருங்கள்: எவரால், எதனால் என்று சொல்லும் ஒரு சொல் இல்லை. எப்போது நேர்ந்தது என்பதும் இல்லை. எவ்வளவு கதிரியக்கம் என்ற அளவும் இல்லை. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத வாக்கியங்கள். அருகிலுள்ள ஊர்களில் குழந்தைகளை வைத்திருந்த பெற்றோருக்கு வேண்டிய எதுவும் அவற்றில் இல்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2023 ஆகஸ்டு 19ஆம் நாள் ரஷ்யாவின் லுனா-25 நிலவில் மோதி அழிந்தது. ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் அறிவிப்பில், கலம் கணக்கிடப்படாத சுற்றுப்பாதைக்கு மாறியது என்றும், நிலவின் மேற்பரப்போடு மோதியதன் விளைவாகத் ‘தன் இருப்பை நிறுத்திக்கொண்டது’ என்றும் கூறப்பட்டது. ‘ஸ்தொல்க்னொவேனியெ ஸ் பொவேர்ஹ்னொஸ்தியு லுனீ’ — ‘நிலவின் மேற்பரப்போடு மோதல்’. நாம் மேலே கண்ட ‘ஓடு’ப் பொருள் இங்கே வந்துவிட்டது. இதில் வினைகள் செயப்பாட்டு வினைகள் அல்ல, செய்வினைகளே. ஆயினும் எழுவாய் இடத்தில் அமர்ந்திருப்பது இயந்திரம். அது தவறான பாதைக்கு ஏன் மாறியது என்பதே நம் கேள்வி. விடை பின்னர் வந்தது: 84 விநாடி இயங்க வேண்டிய உந்துபொறி 127 விநாடி இயங்கியிருக்கிறது. இந்த இரு எண்களும் சொல்லிவிட்டதை அந்த நீண்ட தொடர் சொல்லவில்லை.

இது ரஷ்ய மொழிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எல்லா மொழியிலும் எழுதுகிறார்கள். ஆனால் ஈறுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கப் பழகியவர் காலியான இருக்கையை உடனே கண்டுகொள்வார்.

நாளுக்கு ஒரு தலைப்பு

ரஷ்யப் பத்திரிகைகளின் தலைப்புகளை இன்று கைபேசியிலேயே பார்க்க முடிகிறது. நாளுக்கு ஒரு தலைப்பு போதும். முதலில் அதைக் கையால் எழுதுங்கள். பெயர்ச்சொற்களின் ஈறுகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் மேலும் வேற்றுமையின் எண்ணை எழுதுங்கள். வினை முடிந்த செயலா, முடியாத செயலா என்று குறியுங்கள். பின்னர் அகராதியைத் திறந்து, ஆங்கிலத்தின் வழியே செல்லாமல் நேரே தமிழில் எழுதுங்கள். கடைசியாக, யார், எதை, எதனால், எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் தலைப்பில் விடை உள்ளதா என்று பாருங்கள்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. தலைப்பில் நான், நீ என்ற இடங்கள் அரிது. ஆகவே உரையாடல் வராது. அழுத்தக் குறி அச்சிடப்படுவதில்லை. ஆகவே உச்சரிப்பு வராது. அவற்றுக்கு ஒலிப்பதிவையும் ஆசிரியரையும் நாட வேண்டும்.

சோவியத் மக்களிடையே வழங்கிய ஒரு வேடிக்கைத் தொடரை இங்கே சொல்லலாம். ‘ப்ராவ்தா’ (உண்மை), ‘இஸ்வேஸ்தியா’ (செய்திகள்) என்பவை அங்கு இரு பெரும் நாளிதழ்கள். ‘வ் ப்ராவ்தெ நேத் இஸ்வேஸ்தி, வ் இஸ்வேஸ்தியஹ் நேத் ப்ராவ்தி.’ அதாவது, ‘உண்மையில் செய்திகள் இல்லை, செய்திகளில் உண்மை இல்லை.’ ‘வ்’ என்பதற்குப் பின் ஏழாம் வேற்றுமை. ‘நேத்’ என்னும் இன்மைச் சொல்லுக்குப் பின் ஆறாம் வேற்றுமை. ஒருமை, பன்மை இரண்டும் உண்டு. இந்த ஒரு தொடரை மனனம் செய்தால் நான்கு ஈறுகள் கைவசமாகும்.

பயிற்சி

கீழ்க்காணும் மூன்று தலைப்புகளையும் தமிழில் எழுதிப் பாருங்கள்.

1. ‘சந்திரயான்-3’ ஸேல் நா லுனூ.
2. க்ரூந்த் ஸ் லுனீ — உச்சோனிம். (க்ரூந்த் = மண்)
3. வ் துப்னே ஒத்க்ரீத் நோவி எலெமேந்த். (துப்னா = அணுக்கரு ஆய்வுக்குப் புகழ்பெற்ற ரஷ்ய நகரம்)

விடைகள்: (1) சந்திரயான்-3 நிலவின்மேல் இறங்கிவிட்டது. இது 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிகழ்ந்தது. ‘ஸேல்’ முடிந்த செயல்; ஆண்பால் ஈறு. ‘லுனூ’ போய்ச் சேர்தலைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை. (2) நிலவிலிருந்து வந்த மண் — அறிவியலறிஞர்களுக்கு. கோட்டுக்குப் பின் நான்காம் வேற்றுமைப் பன்மை. (3) துப்னாவில் புதிய தனிமம் கண்டுபிடிக்கப்பட்டது. செயப்பாட்டு வினை.

மூன்றாம் விடையை எழுதி முடித்ததும் ‘யாரால்?’ என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்ததா? எழுந்திருந்தால், பாடத்தின் முக்கியமான பகுதி உங்களுக்கு வந்துவிட்டது. நாளைய தலைப்பை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.